தமிழில் கத்தோலிக்கப் புனிதர் பெயர்களும் அவர்தம் பாதுகாவலும்

1. முன்னுரை

கத்தோலிக்கத் திருச்சபையின் புனிதர் வரலாறுகள் தமிழுக்கு வந்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாகின்றன. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அண்டிரிக் அடிகளார் (1520-1600) போர்த்துக்கீசிய நூல்களைத் தழுவித் தமிழில் ஆக்கிய 'புளோஸ் சாங்தோரும்' என்னும் நூல் 1586இல் அச்சேறியது. 'புனிதர்களின் மலர்' என்பது இத்தலைப்பின் பொருள். 1967இல் இதனை ச. இராசமாணிக்கம் அடிகளார் 'அடியார் வரலாறு' என்னும் பெயரில் மறுபதிப்பாக வெளியிட்டார். இந்திய மொழிகளில் மிகப் பழைய அச்சு நூல்களுள் ஒன்று புனிதர் வரலாறாக அமைந்திருப்பது கருதத்தக்கது.

அயல் நாட்டில் வாழ்ந்த ஒருவரின் வரலாறு பிறமொழிக்குள் வரும்போது முதலில் வந்து சேர்வது அவருடைய பெயர். அப்பெயரை ஒலியோடு கொள்வதா, பொருளோடு கொள்வதா என்னும் வினா உடனே எழுகிறது. தமிழ்க் கத்தோலிக்கர் இரு வழிகளையும் கையாண்டுள்ளனர். மூன்றாவதாக ஒரு வழியையும் கண்டுள்ளனர். இம்மூன்று வழிகளையும், புனிதர்க்குரிய 'பாதுகாவல்' என்னும் கருத்தோடு அவை கொண்டுள்ள தொடர்பையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இப்பெயர்களுள் சில இன்று வழிபாட்டு நூல்களிலிருந்து விலகி வருவதால் இவ்விளக்கம் தேவைப்படுகிறது.

2. சொற்கள்

இன்று 'புனிதர்' என வழங்கப்பெறுபவர் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை 'அர்ச்சியசிஷ்டவர்' எனப்பட்டார். பழைய செபநூல்களில் 'அர்ச்.' என்னும் சுருக்கம் பெயர்களின் முன் நிற்பதைக் காணலாம். இது வடமொழிக் கூறுகளால் ஆன சொல். சீர்திருத்தத் திருச்சபையார் 'பரிசுத்த' என்பதைச் சுருக்கிப் 'பரி.' என எழுதினர். அடைமொழி ஒன்றைக் கொண்டே நூல் எச்சபையினது என அறியும் நிலை இருந்தது.

புனிதர் பட்டம் பெறுதல் படிநிலைகளை உடையது. 'இறை ஊழியர்', 'வணக்கத்திற்குரியவர்', 'அருளாளர்', 'புனிதர்' என்பன அப்படிநிலைகளுக்கு இன்று வழங்கும் தமிழ்ச் சொற்கள். தொடக்க நூற்றாண்டுகளில் மறைச்சாட்சிகளை அந்தந்த ஊர்ச் சபையே வணங்கியது. உரோமைத் திருத்தந்தை முறைப்படி அறிவித்ததாக ஆவணம் கூறும் முதற் புனிதர் ஆக்சுபர்க்கு நகர் உல்ரிக் ஆவார்; ஆண்டு 993.

'பாதுகாவலர்' என்பது ஓர் ஊருக்கோ, தொழிலுக்கோ, நோய்க்கோ, இடருக்கோ உரியவராகக் கருதப்பெறும் புனிதரைக் குறிக்கும். அவர் இறைவனிடம் பரிந்து பேசுபவர் என்பதே சபையின் விளக்கம். வரம் தருபவன் இறைவன், பரிந்துரைப்பவர் புனிதர். மக்கள் வழக்கு இவ்வேறுபாட்டை எப்போதும் பேணுவதில்லை எனினும் சொல்லமைப்பு அதனைத் தெளிவாகவே காட்டுகிறது.

3. வாழ்விலிருந்து பிறக்கும் பாதுகாவல்

பாதுகாவல் பெரும்பாலும் புனிதரின் வாழ்வு நிகழ்ச்சியிலிருந்தோ இறப்பின் வகையிலிருந்தோ பிறக்கிறது. சூசையப்பர் தச்சர், ஆகவே தச்சர்க்கும் தொழிலாளர்க்கும் பாதுகாவலர். இயேசுவும் மரியாளும் அருகிருக்க இறந்தார் என்னும் மரபால் நன்மரணத்திற்கும் அவரே பாதுகாவலர். 1870இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் அவரை அனைத்துலகத் திருச்சபைக்கும் பாதுகாவலராக அறிவித்தார். 1955இல் மே முதல் நாள் தொழிலாளரான சூசையப்பரின் விழாவாக ஏற்படுத்தப்பட்டது.

செபஸ்தியார் உரோமைப் படைவீரர். தியோக்கிளேசியன் காலத்தில் அம்பெய்து கொல்லுமாறு தண்டிக்கப்பட்டார். அதில் உயிர் பிழைத்துப் பின்னர்த் தடியால் அடித்துக் கொல்லப்பட்டார் என்பது மரபு வரலாறு. படைவீரர்க்கும் வில்லாளர்க்கும் அவர் பாதுகாவலரானதில் வியப்பில்லை. கொள்ளைநோய்க்கும் அவரே பாதுகாவலரானது எங்ஙனம்? கொள்ளைநோயைத் தெய்வம் எய்யும் அம்பாகக் காணும் உருவகம் கிரேக்க இலக்கியத்திலேயே உள்ளது. அம்பைத் தாங்கிப் பிழைத்தவர் நோயையும் தாங்கச் செய்வார் என்பது அவ்வுருவகத்தின் நீட்சி. ஆகவே வாழ்வு நிகழ்ச்சியிலிருந்து பாதுகாவல் நேரே பிறப்பதில்லை. இடையில் ஓர் உருவகம் நின்று இணைப்பதும் உண்டு.

பதுவை நகர் அந்தோணியார் (1195-1231) லிசுபனில் பிறந்தவர்; இயற்பெயர் பெர்னாந்து. அவருடைய திருப்பாடல் நூலை எடுத்துச் சென்ற இளந்துறவி ஒருவர் அதனைத் திருப்பிக் கொணர்ந்தார் என்னும் கதையால் காணாமற்போன பொருள்களை மீட்டுத் தருபவராக அவர் கருதப்பெறுகிறார். தமிழ்நாட்டில் அவர் 'கோடி அற்புதர்'. பேயோட்டுதல், நோய் நீக்குதல் முதலியனவும் அவர்பால் சேர்க்கப்பட்டன. உவரி, புளியம்பட்டி ஆகிய தலங்கள் இதற்குச் சான்று. அவருக்குரிய கிழமை செவ்வாய். அவர் அடக்கம் செய்யப்பட்ட கிழமை அது என்பர். பெர்னாந்து பிரான்சிஸ்கு சபையில் சேர்ந்தபோது எகிப்து நாட்டுப் பாலைத் துறவியாகிய மற்றோர் அந்தோணியாரின் பெயரை ஏற்றார். அம்முன்னவரைத் தமிழர் 'வனத்து அந்தோணியார்' என வேறுபடுத்தினர். பாலை நிலத் துறவியைத் தமிழ் வழக்கு வனத்துக்கு உரியவராக்கிவிட்டது. துறவிக்குரிய இடம் வனம் என்னும் நம் மரபே இதற்குக் காரணம். முதல் வனவாசியாகப் போற்றப்பெறும் பவுலும் இவ்வாறே 'வனத்துச் சின்னப்பர்' ஆனார்.

4. பெயரிலிருந்து பிறக்கும் பாதுகாவல்

சில பாதுகாவல்களுக்கு வாழ்வு காரணமன்று. பெயரின் ஒலியே காரணம். செருமானிய மொழியில் 'அவுகே' என்பது கண். அதனோடு ஒலி ஒத்திருப்பதால் அகுஸ்தீனார் அந்நாட்டில் கண்நோய்க்குப் பாதுகாவலரானார். 'வலந்தீன்' என்னும் பெயரின் முதற்பகுதி அம்மொழியில் 'விழு' எனப் பொருள்படும் சொல்லோடு ஒத்தொலிப்பதால் அப்புனிதர் வலிப்புநோய்க்கு உரியவரானார். லூசியாவின் பெயர் இலத்தீனில் ஒளியைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையது. அவர் பார்வைக்குப் பாதுகாவலி.

இத்தகைய பாதுகாவல் மொழிக்குள்ளேயே வாழ்வது. மொழி மாறினால் அடிப்படை மறைந்து நம்பிக்கை மட்டும் எஞ்சும். லூசியா கண்ணுக்கு உரியவர் என்பதைத் தமிழர் அறிவர்; பெயரில் ஒளி இருப்பதை அறியார். மறுதலையாக, புதிய மொழியில் புதிய ஒலியொப்புமை தோன்றவும் கூடும். அதற்குத் தமிழிலேயே எடுத்துக்காட்டு உண்டு.

பதினான்காம் நூற்றாண்டினராகக் கூறப்பெறும் மோன்பெலியே நகர் ரோக்கு, கொள்ளைநோயுற்றோர்க்குத் தொண்டு செய்து தாமும் நோயுற்றவர். நாய் ஒன்று அப்பம் கொணர்ந்து அவரைக் காத்தது என்பது வரலாறு. போர்த்துக்கீசிய மொழியில் அவர் பெயர் 'ரோக்'. தமிழ்ச் செவிக்கு இது 'ரோகம்', அதாவது நோய். நோய் தீர்ப்பவரை நோயின் பெயரால் அழைத்தல் பொருந்தாது. தமிழில் அவர் பெயர் 'ஆரோக்கியநாதர்'. 'ரோக' என்னும் ஒலி பெயருக்குள் நிற்கிறது. பொருளோ தலைகீழாகி நலத்தின் தலைவரைக் குறிக்கிறது. ஒலியும் பொருளும் பாதுகாவலும் ஒரு சொல்லில் இணைந்த அரிய அமைப்பு இது. ஒலியொப்புமையால் நேரும் இத்தகைய இடர்ப்பாட்டை மறைப்பணியாளர் அறிந்தே இருந்தனர். திருப்பலியைக் குறிக்கும் 'மிசா' என்னும் அயற்சொல் தமிழர் செவியில் 'மீசை' எனப் பட்டதையும், அதற்கு ஈடாகப் 'பூசை' என்னும் சொல் வழங்கலானதையும் இங்கு ஒப்பிடலாம்.

5. ஒலிவழிப் பெயர்கள்

ஒலிவழி வந்த பெயர்கள் அவை வந்த மொழியைக் காட்டிக் கொடுக்கின்றன. 'சூசை' என்பது இலத்தீன் 'யோசேபுஸ்' என்பதிலிருந்து வந்திருக்க இயலாது. போர்த்துக்கீசியத்தில் இப்பெயர் 'ழுஸே' என்பது போல ஒலிக்கும். அதன் முதலொலி பிரெஞ்சு மொழியின் குரலுடை அண்ண உரசொலி போன்றது. தமிழில் அவ்வொலி இன்மையால் சகரம் வந்தது. அழுத்தம் பெறாத ஒகரம் அம்மொழியில் உகரமாக ஒலிப்பதே 'சூ' என்பதற்குக் காரணம். ஈற்றிலுள்ள விரிந்த எகரம் ஐகாரமாயிற்று. அண்டை மொழியாகிய மலையாளத்தில் இதே பெயர் 'ஔசேப்பு' என வழங்குகிறது. அது சுரியானி வழி வந்தது. ஒரே புனிதர், அடுத்தடுத்த இரு நிலப்பகுதிகளில், இரு வேறு வரலாற்றுப் பாதைகளில் வந்து சேர்ந்துள்ளார்.

'சவேரியார்' என்னும் பெயரும் இத்தகையதே. போர்த்துக்கீசியர் இப்பெயரின் முதலெழுத்தை 'ஷ' என ஒலிப்பர். தமிழில் அது சகரமாயிற்று. உண்மையில் இஃது ஆட்பெயரன்று. நவார் நாட்டிலுள்ள கோட்டையின் பெயர். பாஸ்கு மொழியில் 'புதுவீடு' எனப் பொருள்படும் சொல்லின் திரிபு. பிரான்சிஸ் என்னும் பெயர் பின்னிற்க, ஊர்ப்பெயரே தமிழில் புனிதரின் பெயராகிச் சவரிமுத்து, சவரியம்மாள், சவரிராயன் எனப் பெருகியுள்ளது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தவர், 1552இல் சீனக் கடற்கரைக்கு அப்பாலுள்ள தீவொன்றில் இறந்தவர், 1622இல் புனிதர் பட்டம் பெற்றவர் என்பது அவர்தம் வரலாற்றுச் சுருக்கம்.

'சந்தியாகப்பர்' என்பதில் வேறொரு செய்தி உண்டு. 'சாந்த்' என்பது புனிதர் எனப் பொருள்படும் அடை. 'இயாகு' என்பதே பெயர். இரண்டும் இணைந்து ஒரு பெயராயின. அதன் முன் மீண்டும் 'புனித' எனச் சேர்க்கும்போது அடைமொழி இருமுறை வருகிறது. பேசுவோர்க்கு அது தோன்றாது. ஏனெனில் முதல் அடை தமிழில் பொருளிழந்து பெயரின் பகுதியாகிவிட்டது. போர்த்துக்கீசியரே இதனைத் தவறாகப் பிரித்துத் 'தியாகு' என்னும் புதுப்பெயரைப் படைத்துக்கொண்டனர். சென்னையிலுள்ள 'சாந்தோம்' என்னும் இடப்பெயரிலும் அதே அடை ஒன்றி நிற்கிறது.

'செபஸ்தியார்' என்னும் வடிவம் தமிழ் இலக்கணத்தின் ஆற்றலைக் காட்டுகிறது. போர்த்துக்கீசியத்தில் பெயரின் ஈறு மூக்கொலி கலந்தது. தமிழில் அது 'செபஸ்தியான்' என்றாகும். தமிழர்க்கு -ஆன் என்பது ஆண்பால் ஒருமை ஈறு. புனிதரை அவ்வாறு கூறுதல் மரியாதைக் குறைவு. ஆகவே -ஆன் நீங்கி -ஆர் வந்தது. அயல்மொழிப் பெயரின் பகுதியாகிய ஓர் ஒலி இங்கே தமிழ் விகுதியாகப் பகுக்கப்பட்டு, பின் உயர்வுப் பன்மையாக மாற்றப்பட்டுள்ளது. புனிதர் செபஸ்தியார், அவர் பெயரைத் தாங்குபவர் செபஸ்தியான். இராயப்பர் - இராயப்பன், சின்னப்பர் - சின்னப்பன், அருளப்பர் - அருளப்பன் ஆகிய இணைகளிலும் இதே முறை உண்டு. ஐரோப்பிய மொழிகளில் புனிதரும் அவர் பெயர் தாங்கியவரும் ஒரே பெயர் உடையவர்கள். தமிழில் விகுதி அவர்களை வேறுபடுத்துகிறது.

6. பொருள்வழிப் பெயர்கள்

இரண்டாம் வழி, பெயரின் மூலப்பொருளை அறிந்து தமிழில் புதுப்பெயர் அமைத்தல். எபிரேயத்தில் யோவான் என்பதன் பொருள் 'கடவுள் அருள் செய்தார்' என்பது, தமிழில் 'அருளப்பர்'. இலத்தீனில் பவுலுஸ் என்பது 'சிறியவர்'; தமிழில் 'சின்னப்பர்'. கிரேக்கத்தில் ஸ்தேபானோஸ் என்பது 'முடி'; தமிழில் 'முடியப்பர்'. பேதுரு என்பது 'பாறை', தமிழில் 'இராயப்பர்'. இதன் முதற்பகுதியைத் தெலுங்கில் கல்லைக் குறிக்கும் 'ராயி' என்னும் சொல்லோடு இணைத்துக் காண இடமுண்டு. மதுரை நாயக்கர் ஆட்சியில் தெலுங்கு வழங்கிய சூழலும் இதற்குத் துணை நிற்கிறது. 'இராயர்', அதாவது அரசர் என்னும் பொருளையும் கேட்போர் உணர்ந்திருக்கலாம். திருத்தூதர் தலைவர்க்கு அதுவும் பொருந்துவதே.

1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகரின் வழியில் வளர்ந்த மறைப்பணி, போர்த்துக்கீசியச் சொற்களைக் குறைத்து இந்நாட்டுச் சொற்களை நாடியது. பொருள்வழிப் பெயர்கள் அப்போக்கோடு இயைந்தவை. வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணியில் சூசையப்பரை 'வளன்' என்றார். யோசேப்பு என்பதன் எபிரேயப் பொருளாகிய 'பெருகச் செய்தல்' இங்கே வளமாக வடிவெடுத்தது. 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்டு 1947இல் புனிதர் பட்டம் பெற்ற ஜான் தெ பிரித்தோ 'அருளானந்தர்' ஆனார். அருளப்பரில் உள்ள அதே அருள்தான் இது. 1745இல் திருமுழுக்குப் பெற்ற நீலகண்டருக்கு இடப்பட்ட பெயர் லாசர். 'கடவுள் துணை செய்தார்' என்னும் அதன் பொருள் 'தேவசகாயம்' என்றாயிற்று. 1752இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட அவர், 2022 மே 15ஆம் நாள் புனிதர் பட்டம் பெற்றார். நெடுங்காலம் அவர் பெயரோடு வழங்கிய சாதிப்பெயர் நீக்கப்பெற்றுத் 'தேவசகாயம்' என்னும் மொழிபெயர்ப்புப் பெயரே உரோமையில் ஒலித்தது. தமிழில் பிறந்த ஒரு பெயர் உலகத் திருச்சபையின் பட்டியலில் இடம்பெற்றது இவ்வாறு.

பெயரை மொழிபெயர்த்தல் தகாது என்பார் உளர். ஆனால் நற்செய்தி நூலிலேயே அதற்கு முன்மாதிரி உண்டு. அரமேயத்தில் 'கேபா' என இயேசு இட்ட பெயரைக் கிரேக்கத்தில் 'பேதுரு' எனப் பெயர்த்து உரைப்பவர் நற்செய்தியாளரே.

7. பாதுகாவலே பெயராதல்

மூன்றாம் வழி தமிழ் வழக்கின் தனிச்சிறப்பு. புனிதரின் பெயரை விடுத்து அவர்தம் பாதுகாவலையே பெயராக்குதல் அது. மரியன்னையின் திருப்பெயர்களில் இதனை மிகுதியாகக் காணலாம். வேளாங்கண்ணியின் ஆரோக்கிய மாதாவினின்று ஆரோக்கியசாமி, ஆரோக்கியமேரி; ஏலாக்குறிச்சியின் அடைக்கல மாதாவினின்று அடைக்கலம், அடைக்கலராஜ்; சதா சகாய மாதாவினின்று சகாயம், சகாயமேரி; வியாகுல மாதாவினின்று வியாகுலம் ஆகிய மக்கட்பெயர்கள் பிறந்தன. நோயுற்ற குழந்தை பிழைத்தால் அதற்கு ஆரோக்கியம் எனப் பெயரிடும் தாய், தன் வேண்டுதலையும் நன்றியையும் ஒரே சொல்லில் பதிவு செய்கிறாள். பெயர்ப் பட்டியல் ஒருவகையில் வேண்டுதல்களின் பட்டியலாகிறது.

தூத்துக்குடி அன்னையின் பெயர் இரு வழிகளையும் ஒருங்கே காட்டும். உரோமைக் குன்றில் கோடையில் பனி பெய்தது என்னும் மரபுக் கதையால் எழுந்த திருப்பெயர் அது. விழா ஆகஸ்ட் 5. போர்த்துக்கீசியத்தில் 'பனிகளின்' எனப் பொருள்படும் தொடர் அப்படியே 'தஸ்நேவிஸ்' என ஒரு சொல்லாக உறைந்தது. பொருள்வழியில் 'பனிமய மாதா' என்றும் வழங்குகிறது. பனி உறையாத கடற்கரையில் 'பனிமயம்' என்னும் மக்கட்பெயர் வழங்குவது, பெயர் நிலத்தைச் சாராது நம்பிக்கையைச் சார்ந்து நிற்பதற்குச் சான்று.

8. இன்றைய நிலை

1995இல் கத்தோலிக்கரும் பிற சபையாரும் இணைந்து உருவாக்கிய 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. சபைகளுக்கிடையே ஒற்றுமை கருதி இதில் யோவான், பேதுரு, பவுல், யோசேப்பு, ஸ்தேவான் என்னும் வடிவங்கள் ஏற்கப்பட்டன. 'அருளப்பர் நற்செய்தி' 'யோவான் நற்செய்தி' ஆயிற்று. பிரிந்திருந்த சபைகள் ஒரே நூலைப் படிக்க வேண்டும் என்னும் நோக்கம் உயர்ந்தது. மூலமொழி வடிவத்திற்கு நெருங்கியிருத்தல் என்னும் கொள்கையும் ஏற்கத்தக்கதே.

எனினும் இம்மாற்றத்திற்கு ஒரு விலை உண்டு. சின்னப்பன் என்னும் பெயருடைய ஒருவர் ஞாயிறு வாசகத்தில் 'பவுல்' எனக் கேட்கும்போது அது தம் பாதுகாவலர் பெயர் என உணர்வதற்கு வழியில்லை. முடியப்பன் என்னும் பெயர் தாங்கிய இளைஞர்க்கு ஸ்தேவானோடு உள்ள உறவைப் பெரியோர் எவரேனும் கூறினால்தான் தெரியும். பெயரிட்ட பாட்டனார்க்குத் தெளிவாக இருந்த பொருள் பெயரனுக்கு மறைந்துவிடுகிறது. பிற சமயத்தவர் இப்பெயர்களைக் கிறித்தவப் பெயர்களாகவே அறிவதில்லை என்பதும் உண்டு.

இது நம்பிக்கையாளர் சிக்கல் மட்டுமன்று. பங்குப் பதிவேடுகள் நெடுங்காலம் இலத்தீனில் எழுதப்பட்டன. ஒருவரே பதிவேட்டில் 'பவுலுஸ்' என்றும், நிலப்பத்திரத்தில் 'சின்னப்பன்' என்றும், பள்ளிச் சான்றிதழில் ஆங்கில வடிவிலும் இடம்பெறக்கூடும். மூன்றும் ஒரே பெயர் என்பதை அறியாதவர் மூவரைக் காண்பார். குடிவழி வரலாறும் ஊர் வரலாறும் எழுதுவோர்க்கும், மூதாதையர் பெயரைக் கொண்டு உரிமையை நிலைநாட்ட வேண்டியவர்க்கும் இவ்வறிவு இன்றியமையாதது.

9. முடிவுரை

தமிழில் கத்தோலிக்கப் புனிதர் பெயர்கள் ஒலிவழி, பொருள்வழி, பாதுகாவல்வழி என மூவகைப்படும். ஒலிவழிப் பெயர்கள் அவை வந்த மொழியையும் காலத்தையும் காட்டுகின்றன. பொருள்வழிப் பெயர்கள் மொழிபெயர்ப்பாளரின் புலமையைக் காட்டுகின்றன. பாதுகாவல்வழிப் பெயர்கள் மக்களின் தேவையைக் காட்டுகின்றன. மூவகைக்கும் பொதுவாக நிற்பது -ஆர், -அப்பர், -அம்மாள் ஆகிய தமிழ் உறவு, உயர்வு ஈறுகள். எங்கோ பிறந்த புனிதரைத் தமிழ்க் குடும்பத்தின் மூத்தவராக்கியவை இவையே.

பொது மொழிபெயர்ப்பின் வடிவங்களை மாற்றவேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. வழிபாட்டு நாட்காட்டிகளிலும் மறைக்கல்வி நூல்களிலும் பழைய வடிவத்தைப் புதிய வடிவத்தோடு இணையாகக் குறித்தல் எளிது. பதிவேடுகளில் காணும் இலத்தீன், போர்த்துக்கீசிய, தமிழ் வடிவங்களை ஒருங்கே தரும் பெயரகராதி ஒன்றும் தொகுக்கப்பெறல் வேண்டும். சின்னப்பர் எனினும் பவுல் எனினும் ஒருவரே என்பதை ஊரறிந்த முதியோர் இருக்கும்போதே இப்பணியைத் தொடங்குதல் நலம்.